இடித்த கட்டடம் மறுபடியும் கான்கிரீட் ஆகுமா? எண்களோடு ஒரு விளக்கம்

2022 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.30 மணி. சுமார் 3,700 கிலோ வெடிமருந்து வெடித்ததும் நொய்டாவின் இரட்டைக் கோபுரங்கள் ஒன்பது நொடிகளில் தரைமட்டமாயின. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீடியோ அதோடு முடிந்துவிட்டது. ஆனால் தரையில் கிடந்தது ஏறத்தாழ 80,000 டன் இடிபாடு.

அதில் பெரும்பகுதியைக் கொண்டு அங்கேயே இருந்த அடித்தளப் பள்ளங்களை நிரப்புவது என்றும், சுமார் 30,000 டன்னை நொய்டா செக்டர் 80-ல் உள்ள கட்டுமானக் கழிவு ஆலைக்கு அனுப்புவது என்றும் திட்டமிட்டார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்த இடிப்பு என்பதால் அந்தக் குவியலுக்கு ஒரு கணக்கு இருந்தது. உங்கள் தெருவில் போன மாதம் இடித்த பழைய வீட்டின் லோடு எங்கே போனது? பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

அந்த லோடை உடைத்து, சலித்து, மறுபடியும் கான்கிரீட்டில் ஜல்லியாகப் போட முடியுமா? முடியும். இந்தியாவில் அதற்கு விதியும் இருக்கிறது. பிறகு ஏன் அது அதிகம் நடக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு நிமிடத்தில் விஷயம்

- கட்டட இடிபாட்டிலிருந்து எடுத்த ஜல்லியைக் கான்கிரீட்டில் சேர்க்க 2016-ல் திருத்தப்பட்ட ஐஎஸ் 383 தரநிலை அனுமதிக்கிறது. அளவுக்கு உச்சவரம்பு உண்டு.
- வீட்டுத் தூண், பீம், தளம் போன்ற கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20% வரை, அதுவும் எம்25 தரம் வரை மட்டும்.
- செங்கல், டைல்ஸ், பூச்சு கலந்த ஜல்லிக்கு அந்த இடமே கிடையாது. எனவே இடிக்கும்போதே பிரிப்பதுதான் முக்கியம்.
- இந்தியாவில் எவ்வளவு கழிவு உருவாகிறது என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை.

ஒரு வீட்டை இடித்தால் எவ்வளவு வரும்?

மத்திய அரசின் தொழில்நுட்பத் தகவல் அமைப்பான டைஃபாக் 2001-ல் வெளியிட்ட ஒரு கணக்கைத்தான் இன்றுவரை பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி புதிதாகக் கட்டும்போது ஒரு சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ கழிவு வரும். முழுதாக இடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ.

உங்கள் வீட்டுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். இடித்தால் 28 முதல் 46 டன் வரை வரும். ஒரு லாரிக்கு 10 டன் என்று வைத்தால் மூன்று முதல் ஐந்து லோடு. இது ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு மட்டும்.

அந்தக் குவியலுக்குள் என்ன இருக்கும்? அதே டைஃபாக் கணக்குப்படி தேசிய சராசரி இப்படி:

- மண், மணல், சரளை: 36%
- செங்கல், கட்டுவேலை: 31%
- கான்கிரீட்: 23%
- உலோகம்: 5%
- தார்: 2%
- மரம்: 2%
- மற்றவை: 1%

இதில் உலோகமும் மரமும் குப்பைக்குப் போவதே இல்லை. இடிப்பு கான்ட்ராக்டரின் லாபமே அதில்தான். கம்பி பழைய இரும்புக் கடைக்கும், கதவு, ஜன்னல் நிலைகள் பழைய மரக்கடைக்கும் போய்விடும். இந்த அமைப்புசாராச் சந்தை எந்த அரசு விதியும் இல்லாமலே பல பத்தாண்டுகளாக நன்றாக ஓடுகிறது. மிஞ்சுவதுதான் சிக்கல்: கான்கிரீட், செங்கல், பூச்சு, டைல்ஸ், மண் எல்லாம் ஒன்றாகக் கலந்த குவியல்.

நம் 1,000 சதுர அடி வீட்டில் கான்கிரீட்டின் பங்கு 23% என்றால் 6 முதல் 11 டன் வரைதான். அடுக்குமாடிக் கட்டடத்தில் கான்கிரீட் கூடுதலாகவும், பழைய செங்கல் வீட்டில் குறைவாகவும் இருக்கும். ஆனால் 'இடிபாடு முழுவதும் ஜல்லி ஆகிவிடும்' என்ற நினைப்பு தவறு என்பதைக் காட்ட இந்த எண் போதும்.

இந்தியா முழுக்க எவ்வளவு? ஒரே கேள்வி, மூன்று பதில்

டேட்டா பார்ப்பவர்களுக்குத் தலைவலி தரும் இடம் இது.

- டைஃபாக், 2001: ஆண்டுக்கு சுமார் 1.2 முதல் 1.5 கோடி டன்.
- கட்டுமானப் பொருள், தொழில்நுட்ப மேம்பாட்டுக் கவுன்சில் எனப்படும் பிஎம்டிபிசி: ஆண்டுக்கு 15 கோடி டன்.
- அறிவியல் சுற்றுச்சூழல் மையம் எனப்படும் சிஎஸ்இ, 2013-ம் ஆண்டுக்கு: 53 கோடி டன்.

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 35 மடங்குக்கு மேல் வித்தியாசம். நாடு வளர்ந்தது ஒரு காரணம்தான், முழுக் காரணம் ஆகாது. சிஎஸ்இ கட்டப்பட்ட பரப்பளவை எடுத்து, சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று பெருக்கியது. மாநகராட்சிகள் தங்கள் லாரியில் ஏறியதை மட்டும் எண்ணுகின்றன. ஏரிக்கரையில் இரவில் கொட்டிய லோடு இரண்டாவது கணக்கில் வராது.

மறுசுழற்சிப் பக்கம் என்ன நிலவரம்? 2017-க்குள் 53 நகரங்களில் ஆலை அமைந்திருக்க வேண்டும், 2020 வரை 13 நகரங்களில்தான் அமைந்தது என்று சிஎஸ்இ 2020-ல் சொன்னது. நாட்டின் மொத்த ஆலைத் திறன் ஒரு நாளைக்கு 6,500 டன். கழிவில் 1% அளவுதான் மறுசுழற்சி ஆகிறது என்பது அவர்களின் முடிவு.

இதை நாமே சரிபார்க்கலாம். 6,500 டன்னை 365 நாளால் பெருக்கினால் சுமார் 23.7 லட்சம் டன். 15 கோடி டன்னில் அது 1.6%. அதாவது அத்தனை ஆலையும் ஒரு நாள்கூட நிற்காமல் முழுத் திறனில் ஓடினாலும் 2 சதவீதத்தைத் தொட்டிருக்காது. அதற்குப் பிறகு பல நகரங்களில் புது ஆலைகள் வந்திருக்கின்றன. ஆனால் இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

ஆலைக்குள் என்ன நடக்கிறது?

இந்தியாவின் முதல் ஆலை 2009-ல் வடக்கு டெல்லியின் புராரியில் வந்தது. ஒரு நாளைக்கு 500 டன் என்று தொடங்கி, பிறகு 2,000 டன் வரை திறன் கூட்டப்பட்டது. டெல்லியின் சாஸ்திரி பார்க், அகமதாபாத், ஹைதராபாத்தின் ஜீடிமெட்லா, ஃபதுல்லகுடா என்று பிறகு பட்டியல் நீண்டது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகள் உள்ளன.

வேலை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். லாரி எடைமேடையில் ஏறி இறங்கும். கொட்டிய குவியலிலிருந்து துணி, பிளாஸ்டிக், மரம் போன்றவற்றை ஆட்கள் கையால் பொறுக்குவார்கள். அதிர்வுச் சல்லடை மண்ணைப் பிரிக்கும். பெரிய கான்கிரீட் துண்டுகள் உடைப்பு இயந்திரத்துக்குப் போகும். உள்ளே சிக்கிய கம்பியைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். உடைத்ததை மறுபடி அளவுவாரியாகச் சலித்தால் 20 மி.மீ., 10 மி.மீ. ஜல்லி. தண்ணீரில் கழுவும் வசதி இருந்தால் மணலும் கிடைக்கும்.

கல் குவாரியை ஒட்டிய கிரஷரைப் பார்த்திருந்தால் இது உங்களுக்குப் புதிதாகத் தெரியாது. இயந்திரங்கள் கிட்டத்தட்ட அதேதான். உள்ளே போகும் சரக்குதான் வேறு.

புது ஜல்லிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பாறையை உடைத்த கருங்கல் ஜல்லியைக் கையில் எடுத்தால் அது முழுக்கக் கல். பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியை எடுத்தால், ஒரு கல்லும் அதன்மேல் ஒட்டிக்கொண்ட பழைய சிமென்ட் கலவையும் இருக்கும். இந்த ஒட்டுக் கலவைதான் எல்லாப் பிரச்சினைக்கும் வேர்.

அது நுண்துளைகள் நிறைந்தது. கருங்கல் ஜல்லி தன் எடையில் ஏறக்குறைய 1% அல்லது அதற்கும் குறைவாகத்தான் தண்ணீர் உறிஞ்சும். மறுசுழற்சி ஜல்லி 3 முதல் 8% வரைகூட உறிஞ்சும்.

'தண்ணீர்தானே, என்ன இப்போ?' என்று கேட்டால், ஒரு கணக்கு. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் தோராயமாக 1,100 கிலோ ஜல்லியும் 180 லிட்டர் தண்ணீரும் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஜல்லியையும் 5% உறிஞ்சும் மறுசுழற்சி ஜல்லியாக மாற்றினால் அது குடிப்பது 55 லிட்டர். கருங்கல் ஜல்லியாக இருந்தால் 11 லிட்டர். 44 லிட்டர் வித்தியாசம்.

இப்போது தளத்தில் நடப்பதை யோசியுங்கள். கலவை சீக்கிரம் இறுகுகிறது. வேலை ஓடவில்லை. 'இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துப்பா' என்று மேஸ்திரி சொல்வார். அந்தக் கூடுதல் தண்ணீர் கணக்கில் வராது, சிமென்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் கெட்டுவிடும், வலு குறையும். ஜல்லியின் குறையைவிட அதைக் கையாளத் தெரியாததால் வரும் சேதம் அதிகம். ஜல்லியை முன்கூட்டியே நனைத்து, ஈரத்தைக் கணக்கிட்டுச் சேர்த்தால் இது பெருமளவு தீரும்.

வேறு சில வித்தியாசங்களும் உண்டு. கான்கிரீட் உலரும்போது சுருங்குவது கூடும். நீண்டகாலச் சுமையில் வளைவு சற்று அதிகமாகும். சுவர்ப்பூச்சில் ஜிப்சம் இருந்தால் சல்ஃபேட் வரும். கடலோரக் கட்டடமாக இருந்தால் உப்பு வரலாம், உப்பு கம்பியை அரிக்கும். அதனால்தான் எந்தக் கட்டடத்தின் இடிபாடு என்பது தெரிய வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், ஜல்லியில் 20–30% மட்டும் மாற்றினால் வலுவில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை என்பது உலகெங்கும் பல ஆய்வுகள் கண்ட முடிவு. மேலே போட்ட அதே கணக்கில் 20% மட்டும் மாற்றினால் கூடுதல் தண்ணீர் 9 லிட்டருக்கும் குறைவு. சமாளிக்கக்கூடிய அளவு.

விதி என்ன சொல்கிறது?

கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் தரநிலை ஐஎஸ் 383. 2016-க்கு முன் அதில் இயற்கைக் கல்லுக்கு மட்டும்தான் இடம். 2016-ல் வந்த மூன்றாம் திருத்தம்தான் கதவைத் திறந்தது. அது இரண்டு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, சுத்தமான கான்கிரீட்டை மட்டும் உடைத்த ஜல்லி. இரண்டாம் வகை, செங்கல், டைல்ஸ் எல்லாம் கலந்த இடிபாட்டிலிருந்து வந்த ஜல்லி.

முதல் வகைக்கு உச்சவரம்பு:

- கம்பி இல்லாத சாதாரண கான்கிரீட்: 25%
- கம்பி கட்டிய கான்கிரீட், அதாவது ஆர்.சி.சி.: 20%, எம்25 தரம் வரை மட்டும்
- எம்15-க்கும் கீழான மெலிந்த கான்கிரீட் (அஸ்திவாரத்துக்கு அடியில் படுகையாகப் போடுவது போன்றவை): 100%

இரண்டாம் வகைக்கு:

- சாதாரண கான்கிரீட்: இல்லை
- ஆர்.சி.சி.: இல்லை
- மெலிந்த கான்கிரீட்: 100%

இந்த இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே கட்டடம். கான்கிரீட்டைத் தனியாக இடித்து எடுத்தால் அது அடுத்த கட்டடத்தின் தூணுக்குள் போகலாம். செங்கல்லோடு சேர்த்து ஒரே தள்ளாகத் தள்ளினால் அஸ்திவாரப் படுகையைத் தாண்ட முடியாது. ஆலையில் எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரம் வைத்தாலும் கலந்துவிட்டதை முழுதாகப் பிரிப்பது கடினம். ஜேசிபி ஓட்டுநர் முதல் நாள் எடுக்கும் முடிவுதான் ஜல்லியின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

சாலைக்கு வேறு கையேடு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2017-ல் ஐஆர்சி 121 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. சாலையின் அடியடுக்குகளில் இடிபாட்டுப் பொருளைப் பயன்படுத்துவது பற்றியது அது.

வெளிநாட்டில் 100% போடுகிறார்களாமே?

ஜப்பான் மறுசுழற்சி ஜல்லியைத் தரவாரியாக மூன்றாகப் பிரித்திருக்கிறது. உயர்தர வகைக்கு 2005-ல் ஜிஸ் ஏ 5021 என்ற தரநிலை வந்தது. அதில் பெரிய ஜல்லி 3 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக்கூடாது. ஜல்லியைச் சூடாக்கியோ உரசியோ ஒட்டுக் கலவையை நீக்கி அந்தத் தரத்தை எட்டுகிறார்கள்.

ஆக, தொழில்நுட்பம் இருக்கிறது. ஆனால் சூடாக்க எரிபொருள் வேண்டும், உரச மின்சாரம் வேண்டும். ஜல்லியின் விலையும் கார்பன் கணக்கும் ஏறும். அருகிலேயே குவாரி இருக்கும் ஊரில் இது கட்டுப்படியாகாது.

விதி இருக்கு, ஆலை இருக்கு. அப்புறம் ஏன் நடக்கலை?

கட்டுமானக் கழிவுக்கென்று தனி விதிகள் 2016 மார்ச் மாதம் வந்தன. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குபவர்கள் அதைக் கான்கிரீட், மண், செங்கல்–கலவை, இரும்பு–மரம்–பிளாஸ்டிக் என்று பிரிக்க வேண்டும். இடிக்கும் முன்பே உள்ளாட்சியிடம் திட்டம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். அரசு ஒப்பந்தங்களில் இந்தக் கழிவிலிருந்து செய்த பொருளை 10–20% வாங்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின.

தடை எங்கே வருகிறது? நான்கு இடங்களில்.

முதலாவது, தூரம். ஜல்லி மலிவான, கனமான பொருள். அதன் விலையில் பெரும்பங்கு லாரி வாடகைதான். இடிக்கும் இடத்திலிருந்து ஆலை 30 கி.மீ., பக்கத்துக் காலி மனை அரை கி.மீ. என்றால் லாரி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, நேரம். பிரித்து இடிக்கக் கூடுதல் நாளாகும். மனை வெறுமையாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் பில்டருக்கு வட்டி. எனவே ஒரே தள்ளு.

மூன்றாவது, கையெழுத்து. கட்டமைப்புப் பொறியாளர் தன் பெயரில் கையெழுத்திடுகிறார். விரிசல் விட்டால் கேள்வி அவரிடம்தான் வரும். லோடுக்கு லோடு தரம் மாறும் ஒரு பொருளை, விதி அனுமதிக்கிறது என்பதற்காக மட்டும் அவர் ஏன் சேர்க்க வேண்டும்? ஆலை ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை அறிக்கை தராதவரை அவருடைய தயக்கம் நியாயமானது.

நான்காவது, வாங்க ஆளில்லை. இந்திய ஆலைகளின் சரக்கில் பெரும்பகுதி நடைபாதைக் கல், சாலையோரக் கல், சுவர்க்கட்டு பிளாக், சாலை அடியடுக்கு என்றுதான் போகிறது. 2019-ல் திறந்த உச்ச நீதிமன்றக் கூடுதல் கட்டடத்தில் இடிபாட்டிலிருந்து செய்த பிளாக்குகளைப் பயன்படுத்தினார்கள். அது நல்ல முன்னுதாரணம். ஆனால் அவை பிளாக்குகள். தூணும் பீமும் இன்னும் பெரும்பாலும் புதுக் கல்லில்தான்.

இதனால் கார்பன் மிச்சமாகுமா?

இந்த இடத்தில் விளம்பரங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். கான்கிரீட்டின் கன அளவில் 60–75% ஜல்லியும் மணலும். ஆனால் அதன் கார்பன் உமிழ்வில் மிகப்பெரிய பங்கு சிமென்டுடையது. ஜல்லியை மாற்றினால் சிமென்ட் அளவு குறையாது. வலுவை ஈடுகட்ட யாராவது சிமென்டைக் கூட்டினால், கார்பன் கணக்கு பழையதைவிட மோசமாகக்கூட ஆகலாம். லாரி அதிக தூரம் ஓடினாலும் அதே கதை.

அப்படின்னா லாபம் எங்கே? இரண்டு இடத்தில். ஒன்று, உடைக்காமல் விட்ட மலை. டெல்லியைச் சுற்றி ஆரவல்லியில் கல் எடுப்பதற்கு உச்ச நீதிமன்றம் தடை போடும் நிலை வந்தது ஏன் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, மூடாமல் விட்ட நீர்நிலை. ஏரியிலும் சதுப்பு நிலத்திலும் கால்வாயிலும் கொட்டிய இடிபாடு மக்கிப் போகாது. அது அந்த நிலத்தின் மட்டத்தையே நிரந்தரமாக உயர்த்திவிடும். அடுத்த பெருமழையில் அந்தத் தண்ணீர் நிற்க வேறு இடம் தேடும், அது உங்கள் தெருவாக இருக்கலாம். திறந்தவெளிக் குவியலில் இருந்து கிளம்பும் தூசி தனிக் கணக்கு.

புதிய விதியில் என்ன மாறுகிறது?

2025 ஏப்ரலில் மத்திய அரசு புதிய கட்டுமானக் கழிவு விதிகளை அறிவித்தது. நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. பழைய விதி பெரும்பாலும் உள்ளாட்சியின் தலையில் சுமையை வைத்தது. புதியது அதைக் கட்டுபவர் பக்கம் நகர்த்துகிறது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்படும் திட்டங்களுக்கு 'உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு' பொருந்தும். பிளாஸ்டிக், மின்கழிவில் ஏற்கெனவே இருக்கும் ஏற்பாடுதான். திட்ட உரிமையாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, ஆண்டுதோறும் உயரும் இலக்கை எட்ட வேண்டும். மறுசுழற்சியாளர் தரும் சான்றிதழ் அதற்கு ஆதாரம். தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு.

கவனிக்க வேண்டியது அந்த 20,000 என்ற எண். அது சுமார் 2.15 லட்சம் சதுர அடி. பெரிய அடுக்குமாடி வளாகங்கள் இதற்குள் வரும். உங்கள் தெருவில் ஒரு கிரவுண்டு மனையில் தனி வீட்டை இடித்து நான்கு ஃபிளாட் கட்டுபவர் வரமாட்டார். நகரங்களில் அப்படிப்பட்ட சின்ன இடிப்புகள் ஏராளம். அவற்றுக்கு மாநகராட்சியின் சேகரிப்பு மையமும் கட்டணமும் கண்காணிப்பும்தான் வழி.

நீங்கள் என்ன செய்யலாம்?

*குளியலறை டைல்ஸ் மாற்றுகிறீர்களா?* வேலை தொடங்கும் முன்பே 'ரப்பிஷ் எங்கே போகும்?' என்று கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்' என்பது பதில் ஆகாது. மாநகராட்சி குறித்த இடமா, ரசீது வருமா என்று கேளுங்கள். வீட்டுக் குப்பைத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.

*பெற்றோரின் பழைய வீட்டை இடிக்கப் போகிறீர்களா?* இடிப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: கான்கிரீட்டும் செங்கல்லும் தனித்தனிக் குவியலாக வேண்டும். முதலில் கதவு, ஜன்னல், டைல்ஸ், பூச்சு. கடைசியில் தளமும் தூணும். உங்கள் மனையிலேயே புது வீட்டின் பேஸ்மென்ட் நிரப்ப எவ்வளவு தேவை என்று பொறியாளரிடம் கேட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள். லாரி ஏறாத டன்தான் மிக மலிவான மறுசுழற்சி.

*ஃபிளாட் வாங்குகிறீர்களா?* பில்டர் 'பசுமைக் கான்கிரீட்' என்று சொன்னால் பயப்பட வேண்டாம், மயங்கவும் வேண்டாம். மூன்று கேள்வி போதும். எந்தப் பகுதியில் போட்டீர்கள்? எத்தனை சதவீதம்? தண்ணீர் உறிஞ்சும் அளவு, குளோரைடு, சல்ஃபேட் சோதனை அறிக்கையும் 28 நாள் கியூப் சோதனை முடிவும் இருக்கிறதா? 20% வரம்புக்குள், எம்25 தரத்துக்குள், அறிக்கையோடு போட்டிருந்தால் அது தரநிலைக்கு உட்பட்ட கான்கிரீட்தான்.

*நீங்களே சிவில் பொறியாளரா?* தூணில் தொடங்க வேண்டாம். படுகை கான்கிரீட், காம்பவுண்டு சுவர் பிளாக், நடைபாதை என்று தொடங்குங்கள். ஜல்லியை முதல் நாளே நனைத்து வையுங்கள். ஒவ்வொரு லோடுக்கும் உறிஞ்சும் அளவைச் சோதியுங்கள். சோதனைக் கலவை போடாமல் தளத்துக்கு அனுப்பாதீர்கள். தளத்தில் தண்ணீர்க் குழாய் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.